வீட்டுக்கு வந்த பிறகு யாரைக் கேட்பது?

வாசகர் கேள்விகளுக்கு, புற்றுநோய் வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றி, இப்போது புதுச்சேரியில் ஓய்வில் இருக்கும் செவிலியர் ஒருவர் பதிலளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய புற்றுநோயாளிகளைப் பற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சிஸ்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. நாக்கில் புற்றுநோய் என்று புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து, மூக்குக் குழாயுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த மூன்றாம் நாள் இரவு குழாய் அடைத்துக்கொண்டது. நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "ஆபரேஷன் செய்த இடத்திலேயே காட்டுங்கள், நான் கை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். மருத்துவமனைக்குப் போன் செய்தால் "காலையில் ஓ.பி.க்கு வாருங்கள்" என்றார்கள். விடியும்வரை அப்பாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு நோயாளி யாருடைய பொறுப்பு?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அன்று இரவு உங்கள் அப்பா யாருடைய பொறுப்பிலும் இல்லை என்பதுதான் உண்மை. மருத்துவமனையின் கணக்கில் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். உங்கள் ஊர் டாக்டரின் கணக்கில் அவர் பெரிய ஆஸ்பத்திரி நோயாளி. இரண்டு கணக்கிலும் வராத அந்த இரவில் சிரிஞ்சும் கையுமாக நீங்கள் தனியாக நின்றிருக்கிறீர்கள்.

ஊர் டாக்டர் மீது எனக்கு முழுக் கோபம் வரவில்லை. நாக்கில் அறுவை சிகிச்சை நடந்து சில நாட்களே ஆன ஒருவருக்கு, உள்ளே தையல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குழாயை உருவிவிட்டுப் புதிதாகச் செருகினால் தையல் பிரிந்துவிடக்கூடும். அதைத் தொட மறுத்தது சரிதான். ஆனால் குழாயைத் தொடாமலேயே கையில் ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு வசதி இல்லையென்றால் 108-ஐ அழைத்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கலாம். மருத்துவமனையில் போனை எடுத்தவர் செய்ததற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் என்பது வார்டில் எப்போதும் அவசர அவசரமாக நடக்கும் காரியம். அந்தக் கட்டிலுக்காக இன்னொருவர் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார். வெளியே ஆட்டோ நிற்கும். பயிற்சி மருத்துவர் டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் எழுதி நீட்டுவார். நான் மாத்திரைகளை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிப்பேன். வீட்டார் "சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டுவார்கள். அப்படி நான் அனுப்பிவைத்த ஓர் அம்மா, ஆறாம் நாள் தலைச்சுற்றலோடு திரும்பி வந்தார். அவருடைய மகன் மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். விழுந்த அட்டைகளில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி. கம்பெனிப் பெயர்கள் வேறு வேறு. அதன் கீழே எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருந்த மருந்தின் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: அம்லோடிபின். ஊரில் முன்பிருந்தே சாப்பிட்டு வந்த பிரஷர் மாத்திரையோடு நாங்கள் கொடுத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். பழையதை நிறுத்தச் சொல்ல நான் மறந்திருந்தேன். அதற்குப் பிறகு, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லி, எது தொடரும், எது நிற்கும் என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுக்காமல் யாரையும் அனுப்பியதில்லை.

ஆகவே, வார்டை விட்டுக் கிளம்பும் முன் நீங்கள் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்க வேண்டும். சம்மரியில் நோயின் பெயரும் நிலையும், செய்த ஆபரேஷனும் அதன் தேதியும், மருந்துகளின் கம்பெனிப் பெயரோடு பொதுப் பெயரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பயாப்சி முடிவு இன்னும் வரவில்லையென்றால் அது எந்தத் தேதியில், யாரிடம் கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். அடுத்த சிகிச்சை அந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது என்பதால், டிஸ்சார்ஜுக்குப் பிறகு அது யார் கண்ணிலும் படாமல் கிடப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. இரவில் அழைக்க ஓர் எண் கேளுங்கள். தந்ததும் அங்கேயே நின்று அந்த எண்ணுக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லையென்றால் வேறு எண் கேட்கலாம். இதைச் செய்யத் தயங்குபவர்களே அதிகம், ஆனால் எந்த சிஸ்டரும் இதற்காகக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே, ஒன்றும் ஆகாதபோதே, அப்பாவையும் சம்மரியையும் ஊர் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். "உங்கள் நோயாளி இன்னின்ன நிலையில் வருகிறார், இன்னின்னது ஆனால் நீங்கள் பார்க்கலாம், இன்னது ஆனால் எங்களுக்கு அனுப்புங்கள்" என்று அவர் பெயருக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்றைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. நோயாளியை முன்பே அறிந்த டாக்டர் நள்ளிரவில் கதவைத் திறப்பதற்கும், அறியாதவர் திறப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

குழாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அடைப்பது கஞ்சித் திப்பியும் சரியாகப் பொடிக்காத மாத்திரையும்தான். கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தனியாகக் கொடுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பதால், பொடிக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கொடுத்து முடித்ததும் சுமார் 50 மில்லி வெந்நீரை ஆறவைத்துக் குழாயில் விடுங்கள். கொடுக்கும்போதும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். மூக்கருகே குழாயில் ஒரு மார்க் போட்டுவைத்து, அது நகர்ந்திருக்கிறதா என்று கொடுக்கும் முன் பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் கொடுக்க வேண்டாம். அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கலாம். கம்பியை விட்டுக் குத்தவே கூடாது. இதையெல்லாம் சிஸ்டர் செய்யப் பார்த்திருந்தால் போதாது. வார்டிலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் உங்கள் கையால் இரண்டு வேளை கொடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

கேள்வி: என் தம்பிக்குக் கீமோ கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. நேற்று மாலை முதல் காய்ச்சல் 101. நாளை மறுநாள்தான் ஓ.பி. அதுவரை பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கூடாது. இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்காமல் அன்றே போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கீமோ கொடுத்த 7 முதல் 14 நாட்களுக்குள்தான் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அப்போது வரும் காய்ச்சல் ஓரிரு மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அது அவசர சிகிச்சைக்குரியது, ஓ.பி.க்கு உரியதல்ல. மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. அவசரப் பிரிவின் வாசலில் முதல் வாக்கியமாகவே "கீமோ போட்டு ஒன்பது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சாதாரணக் காய்ச்சல் என்று வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கிவிட வேண்டும். கீமோ நடக்கும் வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோதும், சாலை இல்லாமல் மருந்து தீர்ந்துபோன வீடுகள் பல. ஐப்பசி பிறக்கும் முன்பே பத்து நாள் மருந்தைக் கூடுதலாக வாங்கி, சம்மரியோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வலிக்கு மார்ஃபின் மாத்திரை 14 நாளுக்குத் தந்தார்கள். நன்றாகத் தூங்கினார். மாத்திரை தீர்ந்த பிறகு எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லை. "அது போதை மருந்து, பழகிவிடும், கடைசிக் காலத்தில் கொடுப்பது" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். இப்போது இரவெல்லாம் முனகுகிறார்.
– வாசகி, பாகூர்

பதில்: முதலில், மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலி திரும்புவது மட்டுமல்ல, வியர்வை, பதற்றம், வயிற்றுப்போக்கு என்று உடம்பு தனியாகத் தவிக்கும். இந்த வரியைப் படித்ததும் ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு மாத்திரை தந்த பிரிவுக்கே யாரையாவது அனுப்புங்கள்.

மெடிக்கலில் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மார்ஃபின் வருகிறது. அதன் கெடுபிடியால் வலியில் துடித்தவர்கள் எத்தனையோ பேர். 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வாங்கி வைத்து நோயாளிகளுக்கு வழங்குவது எளிதாயிற்று. எனவே தெருமுனைக் கடையில் தேடிப் பயனில்லை. கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையத்தைப் போன்ற பெரிய புற்றுநோய்ப் பிரிவுகளிலும் வலிநிவாரணப் பிரிவுகளிலும்தான் கேட்க வேண்டும். 14 நாள் மாத்திரை என்றால் பத்தாம் நாளே கிளம்புங்கள். ஞாயிறும் பண்டிகையும் இடையில் வந்துவிடும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு வராமல் உறவினர் வந்து வாங்கலாமா, வந்தால் என்னென்ன தாள் வேண்டும் என்பதை இம்முறையே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். புற்றுநோய் வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அரிது. முடிவு நெருங்கியவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்பதும் சரியல்ல. வலிக்குத்தான் கொடுக்கிறார்கள், மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டே வீட்டு வேலை பார்ப்பவர்களும் உண்டு. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் நிற்கும். ஆகவே வலி வந்த பிறகு கொடுப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதே முறை. நடுநிசியில் எழுப்ப வேண்டியிராமல், படுக்கும்போது கூடுதல் அளவு கொடுக்கலாமா என்பதை மருத்துவர் எழுதித் தருவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம். முதல் சில நாள் அரைத் தூக்கமாக இருப்பார், பிறகு தெளிவார். எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூங்கினாலோ, மூச்சு மிக மெதுவாக வந்தாலோ உடனே அழைத்துச் செல்லுங்கள்.

தெளியாதது மலச்சிக்கல். மார்ஃபின் நிற்கும் நாள்வரை மலமிளக்கியும் நிற்கக் கூடாது. இதை மாத்திரை தருபவர்களே சில நேரம் எழுத மறந்துவிடுகிறார்கள். ஐந்து நாளாக மலம் போகாமல் வயிறு கல்லாகி, வலி கூடிவிட்டது என்று எண்ணி மார்ஃபினை ஏற்றக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையைப் பூட்டிவையுங்கள். மிஞ்சினால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிநிவாரணச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் இருக்கிறார்கள். பாகூர் புதுச்சேரிப் பகுதி என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. கன்னியக்கோயில் தாண்டினால் கிடைப்பது இந்தப் பக்கம் கிடைக்காமல் போவது நம் எல்லையோர ஊர்களின் பழைய வேடிக்கை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைத்து, வீட்டுக்கு வந்து பார்க்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு (54) மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குச் சென்னைக்கு அலையணும்" என்று செக்கப்புக்கு வர மறுக்கிறார். டமாக்ஸிபன் மாத்திரையையும் விட்டுவிட்டார் போலிருக்கிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாசலை மிதித்தாலே வயிறு கலங்கும் என்று சொன்னவர்கள் பலர். ஆனால் மாத்திரையை விட்டது பெரிய தவறு. ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகைக் கட்டிக்கு டமாக்ஸிபனைக் குறைந்தது 5 ஆண்டுகள் சாப்பிட வேண்டும். சிலருக்கு 10 ஆண்டுகள் வரை நீட்டுவார்கள். ஏன் விட்டார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உடம்பெல்லாம் திடீரென்று கொதிப்பதாகவும் இரவில் வியர்த்துக் கொட்டுவதாகவும் இருந்திருக்கலாம். மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். அதற்கு வழி இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சில டமாக்ஸிபனின் வேலையைக் குறைக்கும் என்பதால், வேறு யார் எந்த மருந்து எழுதினாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

செக்கப் என்றால் அம்மா நினைக்கும் அளவுக்கு அலைச்சல் இல்லை. முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மருத்துவர் கையால் பார்ப்பதும் ஆண்டுக்கொரு மாமோகிராமும்தான் முக்கியம். அறிகுறி இல்லாதவர் ஒவ்வோர் ஆண்டும் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் சென்னை போக வேண்டுமா, இடையிடையே வரும் சோதனைகளைக் கடலூரிலோ புதுச்சேரியிலோ முடித்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே வரலாமா என்று சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டால் பலரும் சம்மதிப்பார்கள். போக வேண்டிய நாளில் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும் துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

கேள்வி: பழைய மருத்துவமனையில் கேஸ் ஷீட் நகல் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். நமக்கு உரிமை உண்டா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதே விதி, அதனால் நாள் கடத்த வேண்டாம். பயாப்சி ஸ்லைடுகளையும், எடுத்த சதைத் துண்டைப் பதித்துவைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். வேறு இடத்தில் புதிய சோதனை செய்ய அவை வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாகச் சென்று பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் சுகாதாரத் தன்னார்வலர். ஒரு வீட்டில் புற்றுநோய்ப் பாட்டி ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருக்கிறார். பைலைக் காட்டுகிறார்கள், எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: இத்தனை கடிதங்களில் என்னை உட்காரவைத்தது உங்களுடையதுதான் அம்மா. பெரிய மருத்துவமனை தவறவிடுவதைப் பிடிக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள். பாட்டியை வாரம் தவறாமல் பார்ப்பவர் வேறு யாரும் இல்லை.

பைலில் அடுத்த ஓ.பி. தேதியையும் போன் எண்ணையும் மட்டும் கண்டுபிடித்து, வீட்டுக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுங்கள். பைலைப் படிக்கத் தெரிந்த கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒருமுறை காட்டி, பாட்டியின் பெயரை வலிநிவாரணச் செவிலியரின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு பைலை மூடிவிட்டுப் பாட்டியைப் பாருங்கள்.

போர்வையை விலக்கிக் குதிகாலையும், ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறையாமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நிறம் கறுத்தவர்களுக்குச் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை அட்டையில் மிச்சத்தை எண்ணுங்கள். நான்கு நாளில் தீர வேண்டியது தீராமல் இருந்தால் பாட்டி விழுங்கவில்லை, அல்லது வீட்டார் பயந்து குறைத்துவிட்டார்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பது, திடீர் மூச்சுத்திணறல், முதுகுவலியோடு கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது – இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே செவிலியருக்கோ 108-க்கோ சொல்லுங்கள். கால் பலமிழந்த நிலையில் சில மணி நேரம் தாமதித்தாலும் அந்தக் கால் திரும்பாமல் போகலாம்.

கிளம்பும் முன், பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் மருமகளையோ மகளையோ திண்ணைப் பக்கம் தனியாக அழைத்து, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணையும் பாட்டியின் பிரஷரோடு சேர்த்து உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள்.